உருளியின் கேரட் ஆசை

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வேலந்தாவளம் காய்கறிச் சந்தை பக்கம் என்பதால், சந்தைக்குப் போய்வரும் மாமா உடைந்த கேரட்டையும் வெடித்த பீட்ரூட்டையும் ஒரு பை நிறைய வாங்கி வந்துவிடுவார். எட்டு மாதங்கள் அவை அனைத்தும் எங்கள் ஆமைக்கே போயின. அதன் பெயர் உருளி. கவிழ்த்துவைத்த உருளிப் பாத்திரத்தைப் போன்ற ஓடும் ஒன்பது கிலோ எடையும் கொண்ட ஆறு வயது சல்கட்டா ஆமை அது. (நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சல்கட்டா வெளிநாட்டு இனம். அதையும் முறைப்படி பதிவுசெய்துதான் வளர்க்க வேண்டும்.)

ஆமைகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று தெரியும். கேரட்டைக் கண்டதும் உருளி கழுத்தை நீட்டிக்கொண்டு விரைந்து வருவதைப் பார்த்து, அதற்கு அதுதான் வேண்டும் என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம். மெல்ல மெல்லப் புல்லை முகர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பத் தொடங்கியது. ஒரு நாள் காலை முற்றத்தில் சிவப்பாய்க் கழிந்திருந்ததைக் கண்டு இரத்தம் என்றே பதறிப்போனேன். அது பீட்ரூட்டின் நிறம்தான். ஆனால் உருண்டையாக இருக்க வேண்டிய எச்சம் கூழாகக் கிடந்து புளித்த வாடை வீசியதுதான் உண்மையான நோய்க்குறி என்று கோயம்புத்தூரில் பார்த்த கால்நடை மருத்துவர் சொன்னார். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒருசெல் உயிரிகள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன.

அவர் விளக்கிய பிறகுதான் எங்கள் தவறு எனக்கு விளங்கியது. சல்கட்டாவின் தாயகம் சகாராவுக்குத் தெற்கே செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட புல்வெளி. முரட்டுப் புல்லின் நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நாள்கணக்கில் நொதிக்கவைத்துக் கொடுக்கும் சத்தைக்கொண்டே அது உயிர்வாழ்கிறது. அந்த இடத்துக்குச் சர்க்கரையும் மாவும் மிகுதியாகப் போனால் நொதித்தல் வேகமெடுத்து, வாயு பெருகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் நலிந்து, வேண்டாதவை தழைத்துவிடுகின்றன. கேரட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 5 கிராமும் பீட்ரூட்டில் 7 கிராமும் சர்க்கரை உண்டு; சர்க்கரைவள்ளிக் கிழங்கிலோ மாவுச்சத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 17 கிராம். அதோடு, பீட்ரூட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் இரு மடங்குக்கும் மேல் இருப்பதால், ஓடு வளரும் வயதில் அதையே தின்னும் ஆமைக்கு எலும்பும் ஓடும் வலுவிழக்கும்.

ஓடு கூம்புகூம்பாகப் புடைப்பதற்கும் கேரட்டே காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2003இல் வெளிவந்த, சல்கட்டாக் குஞ்சுகளைக்கொண்டு செய்த ஆய்வு, காற்றில் ஈரம் குறைவதையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட காற்று வீசும் எங்கள் ஊரில் இதை மறக்கக் கூடாது. அதேபோல, பழம் தின்னும் தென்னமெரிக்கச் செங்கால் ஆமையை வளர்ப்பவர்களின் அறிவுரை சல்கட்டாவுக்குப் பொருந்தாது.

கேரட் நஞ்சல்ல, அதுவே முழு உணவாக ஆனதுதான் கேடு. உடனே நிறுத்தினால் உருளி பட்டினி கிடக்கும் என்பதால், கேரட்டைத் தேங்காய்த் துருவியில் துருவி, நீர் தெளித்த அருகம்புல்லோடு பிசறிவைத்தேன். முதல் நாள் ஆரஞ்சு நிறத் துருவலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் புல்லை அப்படியே விட்டது. மறுநாள் புல்லைப் பொடியாக நறுக்கியபின், ஈரத்தில் துருவல் ஒட்டிக்கொண்டதால் புல்லும் சேர்ந்தே வாய்க்குள் போனது. துருவலை நாளுக்கு நாள் குறைத்தேன். வெறும் புல்லைத் தின்னப் பத்தொன்பது நாள்கள் ஆயின. அந்த நாள்களில் தினமும் அரைமணி நேரம் வெதுவெதுப்பான நீரில் நிற்கவைத்தோம்.

அம்மாவின் அம்மாவான அம்மிச்சிக்குத்தான் மனம் ஆறவில்லை. “வாயில்லா ஜீவன் ஆசையாத் திங்குது, அதைப் போய் வேண்டாங்கறயே கண்ணு” என்றார். “அது ஆசைப்படறதெல்லாம் அது வயித்துக்கு ஆகாதுங்க அம்மிச்சி” என்று சொல்லி, நான் கொல்லையில் பூத்திருந்த செம்பருத்தியைப் பறித்துக் கொடுத்தேன். மருந்து தெளிக்காத செம்பருத்திப் பூவும் இலையும், மல்பெரி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல் எல்லாம் உருளிக்கு ஏற்றவையே. மடலில் கால்சியமும் மிகுதி. இப்போது காலையில் அம்மிச்சி சிவந்த பூவோடு முற்றத்தில் இறங்கினால், கேரட்டுக்கு நீட்டிய அதே கழுத்தை நீட்டிக்கொண்டு உருளி வருகிறது. எச்சம் மறுபடி உருண்டையாகிவிட்டது. குச்சியால் உடைத்துப் பார்த்தால் உள்ளே புல்லின் நார் தெரிகிறது.