மலாட்1

நேற்று பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார்: "லேப்ல அப்படி என்னதாம்மா பாக்குற?"

ஆர்என்ஏ என்றேன். புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் ஓலை. நான் பார்ப்பதோ எந்தப் புரதத்தையும் செய்யாத நீள ஓலை. 200 எழுத்துக்கு மேல் இருந்தால் அந்த வகை. நம் டிஎன்ஏவில் புரதத்துக்கான பகுதி 2 விழுக்காடு அளவுதான். மிச்சத்தைக் குப்பை என்றே ரொம்ப நாள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். (குப்பையாம்!)

2003இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தொடக்கநிலை நுரையீரல் புற்றுக் கட்டிகளை ஒப்பிட்டார்கள். பின்னாளில் வேறு உறுப்புகளுக்குப் பரவிய கட்டிகளில் ஓர் ஆர்என்ஏ மிகுந்திருந்தது. அதுதான் மலாட்1, 8,000 எழுத்துக்கும் மேல். 2013இல் நுரையீரல் புற்றணுக்களில் அதை நீக்கிப் பார்த்தபோது அணுக்கள் நகர்வதே குறைந்தது. எலிகளில் அவை உண்டாக்கிய கட்டிகளும் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், மலாட்1 இல்லாமலே பிறந்த எலிகள் ஜம்மென்று வாழ்கின்றன. மருந்துக்கு இதைக் குறிவைக்கும் ஆசை அங்கிருந்துதான்.

"அப்ப மருந்து வந்துருமா?"

"உடனே வராது மாமா. நீங்க சிகரெட்ட விடுங்க."

"சரிம்மா" என்று எழுந்து சாலையோரம் போனார். கடைக்குள்தான் 2019இலிருந்து புகைக்க முடியாதே.