ஸ்ரீவைகுண்டம்: தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு நிற்கும் ஊர்

ஸ்ரீவைகுண்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களைச் சுற்றும் வேன்களில் வருகிறார்கள். கள்ளபிரானைச் சேவித்துவிட்டு அரை மணி நேரத்தில் அடுத்த கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆற்றங்கரைக்கு யாரும் கூட்டிப்போவதில்லை. ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் நிற்க வேண்டிய இடம் அணைக்கட்டுதான்.

பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயல் அருகே கடலில் சேரும்வரை தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. இத்தனை சிறிய ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரர் காலத்துக்கு முந்தியவை. எட்டாவது மட்டும் 1873-ல் முடிந்தது. அதற்குக் கீழே கடல்வரை பாசனத்துக்கு வேறு அணைக்கட்டு கிடையாது.

பாபநாசம், மணிமுத்தாறு போல இதை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். அவை தண்ணீரைத் தேக்கிவைக்கும் அணைகள். இது ஆற்றின் குறுக்கே போட்ட தாழ்வான கல்சுவர். தண்ணீர் மட்டத்தைச் சில அடி உயர்த்தி இருபக்க வாய்க்கால்களுக்குள் திருப்பிவிடுவதுதான் இதன் வேலை. மிஞ்சியது சுவரைத் தாண்டி வழிந்து கடலுக்குப் போகும். வடகரையில் வடகால், தென்கரையில் தென்கால். இரண்டும் சேர்ந்து 25,560 ஏக்கர் பாசனம். வாய்க்கால் தண்ணீர் நேராக வயலுக்குப் போவதைவிடக் குளங்களுக்குப் போவதே அதிகம். ஒரு குளம் பெருகி அடுத்த குளத்துக்கு என்று சங்கிலியாக ஓடும். வடகாலின் கடைமடை தூத்துக்குடியை ஒட்டிய கோரம்பள்ளம் குளம். தென்கால் பக்கம் போனால் வாழைத்தோட்டமும், ஆத்தூர் வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்காலும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலுக்குப் போகும் தண்ணீர் இங்கிருந்து பிரிவதுதான்.

அணையின் மேல்புறத்தைக் கவனித்துப் பாருங்கள். மணல் திட்டும் அமலைச்செடியும் சீமைக்கருவேலமும் தெரியும். ஆற்றோட்டம் சுவரில் முட்டி வேகம் குறையும் இடத்தில் வண்டல் படிவது இயல்பு. வருஷாவருஷம் அதை எடுக்காவிட்டால் தேங்கும் கொஞ்சநஞ்ச ஆழமும் போய்விடும். பிறகு மேலே திறந்துவிடும் தண்ணீர் இங்கே நிற்காமல் அப்படியே கடலுக்குப் போகும். தூர்வார வேண்டும் என்று விவசாயிகள் பல காலம் கேட்டு, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை போய், 2015-ல்தான் வேலை தொடங்கியது. எடுப்பது வண்டலா மணலா என்ற சண்டையும் கூடவே வந்தது. இதே அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குக் குழாயில் தண்ணீர் போன திட்டம் இன்னொரு பெரிய வழக்கு. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் போதாத வருஷங்களில் கடைமடைக்காரருக்கு அந்தக் குழாயைப் பார்த்தால் வயிறு எரிவதில் நியாயம் இருக்கிறது.

தண்ணீர் ஏறும் நிலம், ஏறாத நிலம் என்ற பிரிவு இங்கே மூவாயிரம் வருஷத்துக்கும் பழையது. தென்கரையில் சில கிலோமீட்டர் மேற்கே ஆதிச்சநல்லூர். சாலையை ஒட்டி மேடாகத் தெரியும் சரளைப் பரம்பில் நெல் விளையாது. அந்த மேட்டைத்தான் அந்தக் கால மக்கள் இடுகாடாக்கிக்கொண்டார்கள். இறந்தவர்களைத் தாழி என்னும் பெரிய மண்பானைகளில் வைத்து, 114 ஏக்கர் பரப்பில் தாழி மேல் தாழியாகப் புதைத்திருக்கிறார்கள். 1876-ல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் என்ற ஆய்வாளர் முதலில் தோண்டினார். பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில வருஷங்கள் விரிவாகத் தோண்டி, நெற்றியில் கட்டும் பொன்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் என்று எடுத்தார். பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2021-ல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது, தாழிகளை அதே குழியில் விட்டு மேலே கண்ணாடி போட்டு மூடியது. தாழிகளை அவை கிடந்த மண்ணிலேயே பார்ப்பதற்காக இங்கே நிச்சயம் வர வேண்டும். வடகரையில் சிவகளைப் பரம்பும் இதே மாதிரியான மேடு. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போவதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது.

ஊருக்குள் கள்ளபிரான் கோயில் ஒன்பது நிலைக் கோபுரத்தோடு நிற்கிறது. மூலவர் வைகுண்டநாதர் நின்ற திருக்கோலம், தலைக்குமேல் ஆதிசேஷன் குடை. சித்திரையிலும் ஐப்பசியிலும் 6-ஆம் தேதி காலை வெயில் சந்நிதிக்குள் விழும் என்பார்கள். அதற்கு வழிவிட்டுக் கொடிமரம் நேர்கோட்டிலிருந்து சற்று விலகியிருக்கிறது. கிழக்கே அடுத்தடுத்து வரகுணமங்கையும் (நத்தம்) திருப்புளிங்குடியும். வைகுந்தத்தில் நின்று, வரகுணமங்கையில் இருந்து, புளிங்குடியில் கிடந்து என மூன்றையும் நம்மாழ்வார் ஒரே மூச்சில் பாடிவிட்டார். புளிங்குடியில் பெருமாளின் திருவடியைச் சுற்றுப்பிரகாரத்துச் சாளரம் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். கேட்காமல் வெளியே வந்தால் தவறவிடுவீர்கள்.

சைவர்களுக்கு இது நவகைலாயம் என்னும் ஒன்பது சிவன் கோயில்களில் சனி தலம். குமரகுருபரர் பிறந்த ஊரும் இதுதான். கோட்டைப் பிள்ளைமார் என்ற சமூகத்தார் வாழ்ந்த மண்கோட்டையும் இங்கே இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் பிறந்தது முதல் கோட்டைச் சுவரைத் தாண்டியதில்லை. வெளி ஆண்கள் உள்ளே நுழைந்ததில்லை. குடும்பங்கள் வெளியேறி, சுவர் கரைந்து, இப்போது மிச்சம் கொஞ்சம்தான். அந்தப் பெண்களின் வாழ்க்கையை நினைத்தால் இதைப் பெருமையாகச் சொல்ல மனம் வரவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஊர் மறக்காது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை. மலையில் அணைகள் இருந்தும் ஏன் காக்க முடியவில்லை என்று பலர் கேட்டார்கள். மழை கொட்டியது அணைகளுக்கு மேலே மட்டுமல்ல, கீழே சமவெளியிலும்தான். சீவலப்பேரியில் வந்து கலக்கும் சிற்றாற்று வெள்ளத்தைப் பிடித்துவைக்கவும் வழியில்லை. இதற்கிடையே குளங்கள் உடைந்தன. சங்கிலியில் மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுதும் கீழ்க்குளத்தின் கரையைத் தாக்கும். தண்டவாளத்துக்கு அடியில் சரளை அரித்துப்போக, செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. வண்டியில் சிக்கியவர்கள் அனைவரும் மீட்கப்பட 19-ஆம் தேதி ஆனது.

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, தென்கரையில் புதுக்குடியில் இருக்கிறது. திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையும் தென்கரையில்தான். திருநெல்வேலியிலிருந்து 30 கிலோமீட்டர் தூரம். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் பஸ் ஏறும்போதே ஊருக்குள் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகாத வண்டி புதுக்குடியில் இறக்கிவிடும், அங்கிருந்து ஆற்றைக் கடக்க வேண்டும். ஒன்பது திருப்பதியையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் கரை பிரித்துப் போங்கள். ஸ்ரீவைகுண்டம், நத்தம், புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி (இரண்டு கோயில்கள்) ஆகியவை வடகரை. திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை தென்கரை. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தை ஆதிச்சநல்லூருக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் பரம்பில் நிழல் கிடையாது, குடை வேண்டும். அணைக்கட்டில் தண்ணீர் வழிவதைப் பார்க்க டிசம்பர், ஜனவரி நல்லது. சித்திரை வெயிலில் வந்தால் மணல் திட்டுதான் தெரியும். குளிப்பதானால் சுவருக்கு நேர் கீழே இறங்க வேண்டாம். விழும் தண்ணீர் குடைந்த பள்ளங்கள் மேலிருந்து தெரியாது, பாசி படிந்த கல்லில் கால் நிற்காது. ஊர்க்காரர்கள் இறங்கும் படித்துறை எது என்று கேட்டு அங்கே இறங்குங்கள்.