மீன்பிடித் தடைக்கால நாட்குறிப்பு

மே 9

லூபஸ் (உடம்பு தன்னையே தாக்கும் நோய்) ஆய்வில் 014 எண் பிள்ளைக்கு சிஎச்50 பூச்சியம். சி3, சி4 இரண்டும் சரியான அளவில். தாளை மூன்று முறை பார்த்தாயிற்று.

மே 10

முதலில் ரத்த மாதிரி போன பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். சி3, சி4 சோதனைகள் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பவை. காம்ப்ளிமென்ட் சங்கிலி (ஒன்றையொன்று தூண்டி உடம்பைக் காக்கும் ரத்தப் புரதங்கள்) முழுதாக வேலை செய்கிறதா என்று காட்டுவது சிஎச்50. எதிர்ப்புப்பொருள் பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களோடு சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) சேர்த்து, அதில் பாதியை உடைக்க எவ்வளவு சீரம் பிடிக்கிறது என்று கணக்கிடுவார்கள். சீரம் சூட்டில் கிடந்தால் புரதம் இருக்கும், வேலைத்திறன் போய்விடும். சி3, சி4 சரியாக இருந்து சிஎச்50 மட்டும் விழுந்தால், நோயைப் பேசுமுன் மாதிரி போன வழியைப் பேச வேண்டும்.

பதிவேட்டின்படி ரத்தம் எடுத்தது 9.40. சிவப்பு மூடிக் குழாய், அது சரி. ஊதா மூடியில் போயிருந்தால் அதிலுள்ள இடிடிஏ என்ற உறைவுத்தடுப்பான், சங்கிலிக்கு வேண்டிய கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், யார் ரத்தமானாலும் பூச்சியம்தான். உறைய அரை மணி நேரம். 10.10-க்குச் சுழற்றியிருக்க வேண்டும். கரண்ட் போய், 11.25-க்குத்தான் சென்ட்ரிஃபியூஜ் ஓடியிருக்கிறது. பிறகு ஜெல் பேக் வைத்த பெட்டியில் பஸ்ஸில் மதுரைக்கு. 2 முதல் 8 டிகிரி என்று எழுதியிருக்கிறது. யார் பார்த்தார்கள்?

மே 11

பெட்டிக்குள் வெப்பநிலைப் பதிவுக்கருவி வைக்கவே இல்லை.

மே 14

ஸ்லீடாய் கணக்கு (லூபஸின் வேகத்தை அளக்கும் மதிப்பெண்) தூங்கவிடவில்லை. கன்னச் சிவப்புக்கு 2, வாய்ப்புண்ணுக்கு 2, காம்ப்ளிமென்ட் குறைவுக்கு 2. மொத்தம் 6. இந்த ஆய்வில் சேர 6 வேண்டும். சி3, சி4, சிஎச்50 மூன்றில் எது குறைந்தாலும் அந்த 2 உண்டு என்பது விதி. ஆனால் குறைந்தது நோயாலா, பெட்டியாலா? பெட்டியால் என்றால் அது 4. நோயின் வேகத்துக்குத் தரும் மதிப்பெண்ணை பஸ் வெயிலுக்குத் தர முடியாது.

மே 17

கத்திரி. காலை எட்டு மணிக்கே மணல் சுடுகிறது.

014-இன் அம்மா மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகிறவர். "பிள்ளைய நிழல்லதானக்கா உக்கார வைக்கிறேன்" என்கிறார். உண்மைதான், ஆனால் கடற்கரையில் நிழல் பாதிக் காவல். உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், அலை நுரை 25 சதவீதம். மேகம் போட்டாலும் கதிர் வரும். வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்தால் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும். அடர் நிறத்தில் நெருக்க நெசவுள்ள முழுக்கைச் சட்டைதான் நல்லது. சன்ஸ்கிரீன் பொட்டு வைப்பதுபோல் வைத்தால் பயனில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு டியூப் எத்தனை நாள் வரும், அதற்குப் பணம் யார் தருவது? அதைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் சொல்வது நியாயமில்லை. இலவசமாகக் கொடுக்கச் சொல்லி எழுதிப் போட்டாயிற்று.

மே 18

எடை 29 கிலோ. லூபஸ் மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாண்டக்கூடாது: நாளைக்கு 145, வாரத்துக்கு 1015. மாத்திரை 200. உடைத்தால் கசப்பு தாங்காது, பிள்ளை துப்பிவிடும். முழு மாத்திரை வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு இல்லை, 1000 ஆயிற்று. உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து, இரண்டு நாள் விட்டால் அளவு சரியாது. நாட்காட்டியில் சனி ஞாயிறைச் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தது.

மே 21

மறுபடி ரத்தம். கூடவே நம் ஊழியர் ஒருவரின் ரத்தமும், அதே நேரம், அதே பெட்டியில். அவருக்கும் விழுந்தால் குற்றம் பெட்டியுடையது.

காலை 6.15. குழாயை ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிறுத்தியது. ஐஸில் வைக்கவில்லை, உறையும்வரை அறைச்சூட்டில்தான் இருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் கட்டி சுருங்கத் தொடங்கி, கண்ணாடி ஓரமாக வைக்கோல் நிறத்தில் சீரம் ஒரு நூலாகக் கசிந்தது. 6.45-க்குச் சுழற்றல், 1500 ஜி, 10 நிமிடம். கட்டிக்கு மேலே ஒரு விரற்கிடை விட்டு உறிஞ்சி, அரை மில்லியாக நான்கு குப்பிகள். ஒரு குப்பிக்கு ஒரு சோதனை; உருகி மறுபடி உறைந்தால் திறன் போகும்.

உலர்பனி நேற்று மதுரையிலிருந்து 5 கிலோ வந்தது. பிள்ளையின் அப்பா விசைப்படகுக்காரர், தடைக்காலமாதலால் கூடவே வந்திருந்தார். மீன் பெட்டிக்கு ஒட்டுவதுபோல் சுற்றிலும் டேப் ஒட்ட வந்தார். வேண்டாம் என்று தடுக்க வேண்டியதாயிற்று: இது தண்ணீராகாது, வாயுவாகும், அடைத்தால் பெட்டி வெடிக்கும். "அப்ப மூச்சு விட ஓட்டை வைக்கணுமா" என்று கேட்டு, மூடியில் அவரே துளை போட்டார். இம்முறை பதிவுக்கருவி உள்ளே.

மே 22

மைனஸ் 70-க்கு மேலே ஒருமுறைகூட ஏறவில்லை.

மே 26

முடிவு இன்னும் வரவில்லை.

மே 30

வந்தது. ஊழியருக்கு சிஎச்50 சரி. 014-க்குப் பூச்சியம். ஏஎச்50, அதாவது சி1, சி2, சி4 தேவைப்படாத மாற்றுவழியைப் பார்க்கும் சோதனை, சரி.

பெட்டி குற்றமற்றது. ஏஎச்50 ஓடுகிறது என்றால் சி3-உம், சி5 முதல் சி9 வரையும் சங்கிலி அறவில்லை. அறுந்தது தொடக்கத்தில்: சி1, சி2, சி4 மூன்றில் ஒன்று. சி4 அளவு சரியாக இருக்கிறது. மிச்சம் இரண்டு. நாலு வயதிலேயே வெயிலில் சிவந்த கன்னம், டிஎன்ஏ எதிர்ப்புப்பொருள் இல்லை. மனம் சி1-இன் ஒரு பகுதியான சி1க்யூ பக்கம் சாய்கிறது. அளவு பார்க்க மீதிக் குப்பி போகிறது.

ஜூன் 2

வெயில் பட்டால் தோல் அணுக்கள் சாகும். செத்த அணுவில் ஒட்டி, அதை அள்ளிப்போகச் சொல்லிக் காட்டுவது சி1க்யூ. அது இல்லாவிட்டால் குப்பை அங்கேயே கிடந்து, உள்ளிருக்கும் உட்கருப் பொருளைப் பார்த்து உடம்பு எதிர்ப்புப்பொருள் செய்யப் பழகும். சி1க்யூ முற்றிலும் இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு லூபஸோ அதைப் போன்ற நோயோ வருகிறது. லூபஸ் பெண்களுக்கே அதிகம் என்ற கணக்கு இதில் செல்லாது. ஆண் பிள்ளைக்கும் அதே அளவு.

வீட்டில் ஆறு வயதுத் தம்பி இருக்கிறான்.

ஜூன் 5

அம்மா சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர். பாட்டி அவர் எதிரிலேயே "இவ வயித்துல வந்தது" என்றார். அதை அப்படியே விட்டுப் போகக்கூடாது. அம்மா, அப்பா, பாட்டி மூவரையும் உட்காரவைத்துச் சொன்னது: "அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் இந்த மரபணுவுல ஒரு பழுது, ஒரு நல்லது. அதான் ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. பிள்ளைக்கு ரெண்டு பழுதும் சேர்ந்து போயிருக்கலாம். ஒருத்தர் கொடுத்து வந்தது இல்ல." ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியாக நாலில் ஒரு வாய்ப்பு; ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்ததற்கு வராது என்பது தவறு. அம்மா பாட்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

மரபணுச் சோதனைக்குத் தனிச் சம்மதத் தாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆய்வில் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முழுதும் உடனிருக்க வேண்டும். அப்பாவின் கையெழுத்து 14-க்குள். அதற்குப் பிறகு அவர் கடலில்.

ஜூன் 9

சி1க்யூ: இல்லை.

ஸ்லீடாயில் அந்த 2 அடிக்கப்பட்டது. பிறவியில் இல்லாததை நோயின் வேகம் என்று எழுத முடியாது. மருந்து எவ்வளவு கொடுத்தாலும் அது மாறாது, ஆய்வின் கணக்கைத்தான் கெடுக்கும். மதிப்பெண் 4. ஆய்விலிருந்து 014 வெளியே. நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் போயிற்று. மாத்திரை, சன்ஸ்கிரீன், கண் பரிசோதனை நிற்காது. அதை எழுத்தில் வாங்கியாயிற்று.

ஜூன் 11

காய்ச்சல் தாள் கொடுத்தது. நிமோகாக்கஸ் என்ற நிமோனியாக் கிருமி இந்தப் பிள்ளைகளைச் சீக்கிரம் வீழ்த்தும். தடுப்பூசி போட்டாயிற்று. 100.4-க்கு மேல் போனால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, அன்றைக்கே வர வேண்டும். புதிதாக உறையவைத்த பிளாஸ்மாவில் சி1க்யூ இருக்கிறது. நோய் முற்றினால் அந்த வழி உண்டு என்பதைப் பெரிய மருத்துவர் பெற்றோரிடம் சொன்னார்.

ஜூன் 13

அப்பா கையெழுத்துப் போட்டார். வலை தைத்த கை, பேனாவை இறுக்கிப் பிடித்தார்.

தம்பியின் கன்னத்தில் சிவப்பு. அம்மா வேர்க்குரு என்கிறார். மூக்கோர மடிப்பில் இல்லை, மேட்டில் மட்டும், லூபஸ் சிவப்பு போல.

நாளை 6.15. உலர்பனி இன்றிரவு பஸ்ஸில் வருகிறது.