அஷ்டமியில் போட்ட ஊசி

கிள்ளைப் பக்கம், பிச்சாவரம் உப்பங்கழி ஓரத்தில் இருக்கும் ஓர் இருளர் குடியிருப்பு என் துணை சுகாதார நிலையத்தின் கீழ் வருகிறது. நான் கிராம சுகாதார செவிலியர். அங்கே எனக்குப் பெயர் நர்சம்மா.

2023 மே, ஜூன், ஜூலை என மூன்று மாதம் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். நான்கு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, மற்ற ஊர்களை முடித்துவிட்டு மதியம் ஒரு மணி சுமாருக்கு. போகும்போதெல்லாம் குடிசைகளில் ஆயாக்களும் பிள்ளைகளும் மட்டும்தான் இருப்பார்கள். "பெத்தவ வரட்டும், நான் எப்படி ஊசி போடச் சொல்றது?" என்பார் ஆயா. நானும் பதிவேட்டில் 'மறுப்பு' என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன். அந்தச் சொல்லை எழுதினால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "அவங்களுக்கு ஊசின்னா பயம், என்ன சொன்னாலும் ஏறாது" என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆகஸ்டில் தீவிர இந்திரதனுஷ் தடுப்பூசித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கவிருந்தது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒவ்வொரு சுற்று, சுற்றுக்கு ஆறு நாள். 5 வயது வரை விடுபட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், முக்கியமாகத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு. அதற்கு முன்னால் வீடு வீடாகத் தலை எண்ணச் சொன்னார்கள். பெட்டி இல்லாமல், வெறுங்கையோடு, ஒரு சாயங்காலம் போனேன்.

என் பட்டியலில் நான்கு பிள்ளைகள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. கர்ப்பத்திலேயே பதிந்து ஆர்.சி.எச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) வாங்கியவர்களின் பிள்ளைகள்தான் எங்கள் பட்டியலில் தானாக வரும். மற்ற ஏழும் செங்கல் சூளையில் பிறந்ததும், சூளைக்குப் போய் வந்ததில் தொடர்ச்சி அறுந்ததும். எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லாத பிள்ளைகள்.

வாசலில் உட்கார்ந்து பேசினோம். பயம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. "ஊசி போட்டா ரெண்டு நாளு ஒடம்பு காயுது. புள்ளையத் தூக்கி வெச்சிக்கிட்டு ஒக்காந்தா யாரு எறா தடவுறது?" என்று கேட்டாள் ஒருத்தி. கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அன்றைக்குத் தடவினால்தான் அன்றைக்குக் காசு. நான் மூன்று மாதமாகத் தட்டம்மையின் ஆபத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்!

"அப்புறம் நீ வர்ற நேரமும் சரியில்லம்மா" என்றார் ஒரு பெரியவர். "பௌர்ணமி கழிச்சி வர்ற. மதியத்துக்கு மேல தண்ணி வத்தும். எல்லாரும் கழியில இருப்பாங்க."

வீட்டுக்கு வந்து தினசரி காலண்டரைப் புரட்டினேன். தண்ணீர் வற்றும் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். ஏறக்குறைய முப்பது நாளில் நிலாவோடு சேர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். நான்கு வாரம் என்பது இருபத்தெட்டு நாள். மூன்று தடவையும் பௌர்ணமி முடிந்து சில நாளுக்குள், அவர்கள் கழிக்குள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய், அஷ்டமி. தண்ணீர் அதிகம் ஏறி இறங்காத நாள். "காலையில போயிட்டு மதியத்துக்குள்ள வந்துடுவாங்க, மூணு மணிக்கு வா" என்றார் பெரியவர். நேரத்தை மாற்ற அனுமதி கேட்டேன். அது கிடைத்தது. ஆனால் தட்டம்மை ரூபெல்லா குப்பிதான் தகராறு. மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. இருந்தும் "வீணாக்காதீங்க" என்று போனில் ஒரு குரல். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். இல்லாவிட்டால் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி மருந்து உறைந்து வீணாகிவிடும். அன்றைக்கு அந்தச் சலசலப்புக்காகக் காத்திருந்ததில் இருபது நிமிடம் தாமதம். போய்ச் சேர்ந்தபோது எட்டுப் பிள்ளைகள் மர நிழலில் இருந்தார்கள். ஒரு வயதுக்குள் இருந்தவர்களுக்கு பென்டா, தாண்டியவர்களுக்கு முத்தடுப்பு ஊசியான டி.பி.டி., எல்லோருக்கும் போலியோ சொட்டு மருந்து, ஒன்பது மாதம் முடிந்தவர்களுக்கு வலது கையில் தட்டம்மை ரூபெல்லா. அரை மணி நேரம் யாரையும் போகவிடவில்லை.

காய்ச்சல் மருந்துக்கு ஒரு வழி செய்தேன். பாராசிட்டமால் மூடியில் ஒவ்வொரு பிள்ளையின் எடைக்கும் எவ்வளவு என்று நெயில் பாலிஷால் கோடு போட்டு, ஆயாக்களின் கையில் கொடுத்தேன். அம்மாக்கள் மறுநாள் கழிக்குப் போகலாம். காலையில் நான் வந்து பார்ப்பேன் என்று சொன்னேன், போனேன். மூன்று பிள்ளைகளுக்கு லேசாகக் காய்ந்தது. ஒரு ஆயா கோடு தாண்டாமல் ஊற்றியதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். உண்மையில் அந்த மறுநாள் காலைதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். விட்டுப்போன மூன்று பேரில் இரண்டு பேரை அன்றைக்கே அம்மாக்கள் கூட்டிவந்து, எப்போது என்று கேட்டார்கள்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் சுற்று அமாவாசையை ஒட்டி வந்தது. பௌர்ணமி போலவே அப்போதும் மதியத்துக்கு மேல்தான் தண்ணீர் வற்றும் என்பதால் காலை எட்டு மணிக்கே முடித்துவிட்டோம். ஒரு பிள்ளை மட்டும் செப்டம்பருக்குப் பிறகு குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டது. தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மாதாந்திரக் கூட்டத்தில் என் திட்டத் தாளைப் பார்த்த அதிகாரி நிமிர்ந்தார். தேதிகளுக்குப் பக்கத்தில் அஷ்டமி, அமாவாசை என்று எழுதியிருந்தேன்.

"என்னம்மா, நல்ல நாள் பார்த்தா ஊசி போடுறீங்க?"

"ஆமா சார்" என்றேன்.