எப்படிண்ணே விழுந்தீங்க?

எங்கள் வார்டுக்குப் புதிதாக யார் வந்து படுத்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். கேஸ் ஷீட்டில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் பெரும்பாலும் 'கீழே விழுந்தது' என்று முடித்திருப்பார்கள். எனக்கு அது போதாது. எதிலிருந்து விழுந்தார், எவ்வளவு உயரம், உடம்பில் எது முதலில் தரையில் பட்டது, யார் தூக்கினார்கள், எதில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், எல்லாவற்றையும் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைக்கிறேன். மதுரையில் பிசியோதெரபிஸ்டாக, தண்டுவடம் அடிபட்டவர்களோடு 14 வருஷம் ஆகிறது. இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு.

படிக்கும்போது எங்களுக்கு இருந்தது வெளிநாட்டுப் புத்தகங்கள். அமெரிக்காவில் தண்டுவடம் அடிபடுவதில் முதலிடம் வாகன விபத்துக்கு, துப்பாக்கிக் குண்டுகூட அங்கே ஒரு முக்கியமான காரணம். இதை மனப்பாடம் செய்துகொண்டு வேலைக்கு வந்தால் இங்கே முதல் கட்டிலில் தென்னை மரம், அடுத்ததில் சாரம், அதற்கடுத்ததில் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி. பைக் கேஸ் வராமல் இல்லை, நான்குவழிச் சாலை வந்த பிறகு நிறையவே வருகிறது. ஆனாலும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் எடுத்த பல கணக்குகளில் உயரத்திலிருந்து விழுவதுதான் முன்னால் நிற்கிறது. என் நோட்டும் அப்படித்தான்.

நோட்டில் தேதியை மறைத்துவிட்டுக் காரணத்தை மட்டும் படித்தாலே எந்த மாதம் என்று சொல்லிவிடுவேன். தையில் மாடு தூக்கியெறிந்து கழுத்து மடங்க விழுந்தவர் ஓரிருவர் (இதுதான் பேப்பரில் வரும், ஆனால் எண்ணிக்கையில் குறைவு). மாசி, பங்குனியில் புளி உலுக்க ஏறியவர்கள். சித்திரை, வைகாசி லீவில் கிணற்றில் தண்ணி எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்காமல் தலைகீழாகப் பாய்ந்த பையன்கள். அதே வெக்கையில் மாடியில் படுத்து, நடுராத்திரி ஒன்னுக்குப் போக எழுந்து, தூக்கக் கலக்கத்தில் படி என்று நினைத்து விளிம்பில் கால் வைத்தவர்கள். தீபாவளி, பொங்கல் நெருங்கினால் வெள்ளையடிக்கிறவர்கள், பெயின்டர்கள். வருஷம் முழுக்க வருவது பைக்கும், பாத்ரூமில் வழுக்கி விழும் வயசானவர்களும். அவர்களுக்குக் கழுத்தெலும்பு ஏற்கெனவே தேய்ந்து, தண்டுவடம் போகிற குழாய் சுருங்கியிருக்கும், முகம் குப்புற விழுந்து கழுத்து பின்னால் மடங்கினாலே போதும். எலும்பு உடையாமலே கை மரத்துப்போய் வருவார்கள். கால்கூட ஓரளவு தேறிவிடும், கைதான் பாடாய்ப் படுத்தும்.

கட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் வரை தண்டுவடம் அடிபடுகிறார்கள், ஆண்கள் பெண்களைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு, இருபதுகளில் இருக்கும் ஆண்களுக்கு ஆபத்து அதிகம் என்கிறது. ஏறுகிறவனும் ஓட்டுகிறவனும் அந்த வயசுக்காரன்தானே. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து மாசக்கணக்கில் படுத்திருப்பது பெண்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட, யூரின் டியூப் பார்க்க. அவர்களை எந்தக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

மரத்திலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் காலிலோ உட்காரும் இடத்திலோ விழுவார். அந்த அதிர்ச்சி மேலே ஏறி, விலாவோடு சேர்ந்து விறைப்பாக இருக்கும் முதுகும் வளைந்து கொடுக்கும் இடுப்பும் சந்திக்கிற இடத்தில் போய் அடிக்கும். கடைசி முதுகெலும்பு அல்லது முதல் இடுப்பெலும்பு நொறுங்கி, துண்டு உள்ளே தள்ளும். உள்ளே போவது சுண்டுவிரல் தடிமன் உள்ள தண்டுவடம், அவ்வளவுதான். அதனால் உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு உடைந்திருந்தால், முதுகையும் படம் எடுத்தே ஆக வேண்டும். குதிகாலுக்கு மட்டும் கட்டுப்போட்டு வீட்டுக்குப் போய் அப்புறம் திரும்பி வந்தவர்களும் என் நோட்டில் இருக்கிறார்கள்.

நத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். நாற்பது வயசு இருக்கும், பங்குனியில் வந்தார். "கொப்பு முறிஞ்சிருச்சும்மா, நல்லா தடியான கொப்புதான், உள்ள உளுத்திருந்திருக்கு" என்றார். யார் தூக்கினது என்று கேட்டேன். "நாலு பேரு, ரெண்டு பேரு கையப் பிடிச்சாய்ங்க, ரெண்டு பேரு காலப் பிடிச்சாய்ங்க. நடுவுல தொங்குச்சு. ஆட்டோவுல படுக்க எடமில்லைன்னு உக்கார வச்சுப் பிடிச்சுக்கிட்டாய்ங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "மரத்தடியில கெடக்கும்போது காலு அசைஞ்சுச்சும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கும்போது அசையல" என்றார்.

நான் அன்றைக்கு அதற்குமேல் எழுதவில்லை. உள்ளே வீக்கம் ஏறினாலும் அப்படி ஆகலாம், தூக்கியதால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த நாலு பேரில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி, கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? அண்ணனைக் காப்பாற்றத்தானே ஓடினார். ஆனால் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பேசப் போனால் நான் மறக்காமல் செய்து காட்டுவது இதுதான்: விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள், தண்ணி கொடுக்கிறேன் என்று தலையைத் தூக்காதீர்கள், கிடக்கிறபடியே விட்டு 108-க்கு அடியுங்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் கதவையோ பலகையையோ கொண்டுவாருங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, மற்றவர்கள் உடம்பை உருட்டுக்கட்டை மாதிரி ஒரே வீச்சில் புரட்டிப் பலகையில் ஏற்றுங்கள்.

அவருக்கு ராடு வைத்து ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் முடிந்ததும் நடந்துவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ராடு எலும்பைத்தான் பிடித்து நிறுத்தும், நசுங்கிய தண்டுவடத்தை அது ஒன்றும் செய்யாது என்று விளக்குவது என் வேலையில் மிகக் கஷ்டமான பகுதி. அவர் மனைவி, "நேரம் சரியில்ல தாயி" என்றார். அந்த ஆறுதலை நான் பிடுங்க மாட்டேன். ஆனால் என் நோட்டில் 'நேரம்' என்று எழுத முடியாது. உளுத்த கொப்பு, இடுப்பில் கயிறு இல்லை, ஆட்டோவில் உட்கார்ந்தபடி வந்தது. இப்படித்தான் எழுத முடியும், இவ்வளவும் மாற்றக்கூடியவை.

மூன்று மாசம் கழித்து சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போனார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாகவே மாறுவார். தென்காசி பக்கம் ஆய்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வு தரும் அமர் சேவா சங்கத்தைப் பற்றியும் சொல்லி அனுப்பினேன். 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வில் கழுத்தில் அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது என்றதும், "கழுத்துல அடிபட்டவரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

போன பங்குனியில் போன் செய்தார். அவர் தோப்பில் புளி உலுக்க ஆள் விட்டிருக்கிறார், நாற்காலியைத் தள்ளச் சொல்லி மரத்தடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டாராம். "கயிறு கட்டாம ஏற விடலம்மா. கொப்புக்குக் கொப்பு அவுத்து அவுத்துக் கட்டணும்ல, திட்டிக்கிட்டே ஏறுனான். ஒரு நாள் வேலை ரெண்டு நாள் இழுத்துருச்சு. ரெண்டு நாள் கூலியும் குடுத்துட்டேன்."