மட்டக்குதிரை எங்கே ஈன வேண்டும்?

சிங்கப்பூரின் கிராஞ்சிப் பக்கத்து லாயத்தில் நாங்கள் பராமரிக்கும் சிறிய மட்டக்குதிரை நிறைசினையாக இருக்கிறாள். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள் என்பதால், வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரில் குட்டி பிறக்கும். திறந்த புல்வெளியில் ஈனுவதே இயற்கையானது, நோய்த்தொற்றும் குறைவு என்கிறார் நண்பர். தரை காய்ந்திருக்கும் ஊருக்கு அது சரிதான்; ஆனால், ஈரம் உலராத தொப்புளோடு ஒரு குட்டி இங்குள்ள சேற்றில் கிடப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனுகின்றன. பனிக்குடம் உடைந்தபின் சுமார் அரைமணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். சிற்றுடல் குதிரைகளில் குட்டி சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், வெளிச்சமும், விழித்திருக்க ஓர் ஆளும், கால்நடை மருத்துவரின் வண்டி அருகில் வந்து நிற்க வழியும் உள்ள இடமே வேண்டும்.

ஆகவே அகன்ற கொட்டடி ஒன்றைக் கழுவிக் கிருமி நீக்கி, வைக்கோலைத் தடிமனாகப் பரப்ப முடிவு செய்திருக்கிறோம். மரத்தூள் வேண்டாம், அது குட்டியின் ஈர மூக்கில் ஒட்டும். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புப் பொருள்களைத் தாயின் சீம்பாலிலிருந்தே பெறுகிறது. அவ்விடத்துக் கிருமிகளுக்கு எதிரானவை அதில் சேர அவகாசம் வேண்டும் என்பதால், ஒரு மாதத்துக்கு முன்பே அவளை அங்கு மாற்றிவிடுவோம். மழை விட்ட பகல்களில் வழக்கம்போல் வெளியே மேய்வாள்.