4 ஜிபி லேப்டாப்பில் ஓர் ஆடு புலி ஆட்டம்

ஆடு புலி ஆட்டத்தை மொபைல் கேமாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. விதிகளை நிரலாக எழுத நான்கு மாலைகள் போதுமாக இருந்தன. எழுதியதைப் போனுக்கு ஏற்றத்தான் ஒன்பது மாலைகள் ஆயின. அந்த ஒன்பதைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ குறைந்தது 8 ஜிபி கேட்கிறது, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. கேம் செய்யும் மென்பொருளான கோடோ என்ஜினை எடுத்துக்கொண்டேன். அதன் ஜிப் 100 எம்பிகூட வராது. இன்ஸ்டால் செய்யும் வேலையே கிடையாது, பிரித்து டபுள் கிளிக் செய்தால் திறந்துகொள்கிறது. எம்ஐடி உரிமம் என்பதால் காசும் கேட்பதில்லை, நாளை கேமை விற்றாலும் பங்கும் கேட்பதில்லை. படத்தைத் திரையில் வரையும் ரெண்டரராக 'கம்பேட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தேன். ஓப்பன்ஜிஎல் என்ற பழைய வரைகலை முறையில் ஓடுகிற அது பழைய லேப்டாப்புக்கும் மலிவான போனுக்கும் ஒத்துப்போகும்.

நான்காம் பதிப்பை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி கோடோவில் அந்தப் பதிப்பில்தான் வந்தது. 'புலி வென்றது' என்று காட்டும்போது 'வெ'யின் கொம்பு பின்னால் போய் நின்றால் எப்படி இருக்கும்? நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தேன், கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

இதுவரை ஒரு மாலைதான் ஆகியிருந்தது. அப்புறம் ஆண்ட்ராய்டு எஸ்டிகே, அதாவது ஆண்ட்ராய்டு செயலி செய்யத் தேவையான கருவித் தொகுப்பு.

ஸ்டுடியோ இல்லாமல் கமாண்ட் லைன் கருவிகளை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கி, மற்ற பாகங்களை இறக்கித் தரும் எஸ்டிகே மேனேஜரை ஓட்டினால் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு எழுத்து. பயந்து ஜன்னலை மூடிவிட்டேன். மறுநாள் பொறுமையாகப் படித்தபோது அதில் 61.0, 52.0 என்று இரண்டு எண்கள் இருந்தன. இந்தக் கருவி ஓடுவது ஜாவாவில். 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. கருவி 17-ஐக் கேட்கிறது. என் கணினியிலோ எப்போதோ எதற்கோ போட்ட 8 உட்கார்ந்திருக்கிறது. ஜாவாவின் இலவசத் தொகுப்பான ஓப்பன்ஜேடிகே 17 போட்டு, ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜாவா ஹோம் என்ற மாறியைப் புதிய ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டேன்.

மறுபடியும் ஓட்டினால், எஸ்டிகே எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றது. அந்த ஜிப்பைப் பிரித்தால் வரும் கோப்புகளை அப்படியே விடக்கூடாதாம், உள்ளே 'லேட்டஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் தள்ள வேண்டுமாம். சரி, தள்ளினேன். அதன் பிறகும் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றே வந்தது. இதில் இரண்டு மாலைகள் போயின.

கடைசியில் பார்த்தால், குற்றவாளி என் தமிழ்ப்பற்று! லேப்டாப் வாங்கிய அன்று விண்டோஸ் பெயர் கேட்டபோது பெருமையாகத் தமிழில் தட்டியிருந்தேன். என் யூசர் ஃபோல்டரின் பெயரும் அப்படியே தமிழில் அமைந்துவிட்டது. ஆங்கில எழுத்தல்லாத பாதையில் இந்தக் கருவிகள் தடுமாறும். சி டிரைவில் நேரடியாக ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அங்கே மாற்றினேன். பிளாட்ஃபார்ம் டூல்ஸ், பில்ட் டூல்ஸ், ஒரு பிளாட்ஃபார்ம் என மூன்றும் மளமளவென்று இறங்கின. உரிமங்களுக்கு வரிசையாக 'ஒய்' தட்டியதுதான் வேலை. சி, சி++ நிரலுக்கான என்டிகேயைத் தொடவில்லை. கோடோவின் ஆயத்த டெம்ப்ளேட்டை வைத்து ஏபிகே, அதாவது போனில் நிறுவும் கோப்பு, எடுப்பவருக்கு அது தேவைப்படாது. டெம்ப்ளேட்டே ஏறக்குறைய 1 ஜிபி, அதை இரவில் இறங்க விட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

எடிட்டர் செட்டிங்ஸில் ஜாவாவுக்கும் எஸ்டிகேவுக்கும் பாதை கொடுத்தாயிற்று. எக்ஸ்போர்ட் ஜன்னலின் அடியில் 'ஈடிசி2 ஏஎஸ்டிசி' இல்லை என்று ஓர் எச்சரிக்கை. அது போன்களுக்கான படச் சுருக்க முறை. பக்கத்திலேயே சரிசெய்யும் பொத்தானும் இருந்தது, அழுத்தியதும் தீர்ந்தது. எல்லாப் பிழையும் இப்படி மருந்தோடு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி போன். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகினேன். இணைந்திருக்கும் போன்களைக் காட்டும் 'ஏடிபி டிவைசஸ்' கட்டளையைத் தட்டினால் பட்டியல் காலி. டிரைவரை மாற்றினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், இன்னொரு போர்ட்டில் செருகினேன். போன் சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் கேபிளால் முடிந்தது அவ்வளவுதான், தகவல் கடத்தும் கம்பிகள் அதில் கிடையாது. வேறு கேபிள் போட்டதும் போன் பட்டியலுக்கு வந்தது, ஆனால் 'அன்ஆதரைஸ்டு' என்று. அனுமதி கேட்கும் பெட்டி பூட்டிய திரைக்குப் பின்னால் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

எட்டாவது மாலை என் போனில் புலி உறுமியது.

ஒன்பதாவது மாலை அத்தையின் போனுக்கு அதே ஏபிகேவை அனுப்பினேன். நிறுவ முடியவில்லை என்று வந்தது. அது 32 பிட் ஆண்ட்ராய்டு. கோடோவின் எக்ஸ்போர்ட்டில் இயல்பாக டிக் ஆகியிருப்பது 64 பிட்டுக்கான 'ஆர்ம்64' மட்டும். 32 பிட்டுக்கான 'ஆர்ம்ஈஏபிஐ வி7ஏ'வையும் டிக் செய்ததும் ஏறிவிட்டது, கோப்பின் அளவு கூடியதுதான் மிச்சம். பிளே ஸ்டோர் என்றால் ஏஏபி கோப்பு, 25 டாலர் கட்டணம், புதிய தனிநபர் கணக்குக்கு 12 பேரை வைத்து 14 நாள் சோதனை என்று தனிக் கதை இருக்கிறது. எனக்கு இப்போதைக்கு அத்தை ஒருவரே போதும்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டை நகர்த்தப் பார்த்தார். "என்னடா இது, புலி முழுங்குறதுக்கு முன்னாடி என் விரலே முழுங்கிடுச்சு?" என்றார். மவுஸின் அம்பை வைத்தே அத்தனை நாளும் சோதித்திருந்தேன். விரல் அம்பைவிடப் பெரியது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது ஆட்டைத் தூக்கினால் அது விரலுக்குச் சற்று மேலே தள்ளித் தெரிகிறது.